வேலைக்குப் போன செருப்பு

கனகரெத்தினம் ஐயாவின் நீலக் கார் எங்கள் வீட்டு வளவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேலாக நின்றது. முன்பக்கம் இரண்டு மரக் கட்டைகளின் மேல். அதன் கிளச் லைனைக் கழற்றியவர் என் கணவர் ஜுனைட். திரும்பப் பூட்ட வேண்டியவரும் அவர்தான். புதன்கிழமை கழற்றினார். வியாழக்கிழமை கியர் பொக்ஸை இறக்கிக் கிளச் தட்டை மாற்றி, மறுபடி ஏற்றிவிட்டார். லைனைப் பூட்டுவது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மௌத்தாகிவிட்டார். ஐம்பத்தொரு வயது.

கிளச் லைன் என்பது பெரிய சங்கதி இல்லை. பெடலிலிருந்து கியர் பொக்ஸுக்குப் போகிற ஒரு மெல்லிய குழாய், அதற்குள் பிரேக் ஒயில். கால் ஒயிலைத் தள்ளும், ஒயில் கிளச்சைத் தள்ளும். குழாயின் நுனி கியர் பொக்ஸில் நுழைகிற இடத்தில் விரல் நகத்தளவு ஒரு கம்பிக் கிளிப் இருக்கிறது. அதை நெம்பி எடுத்தால் குழாய் கையோடு வரும். அதைத் திரும்பப் போடாவிட்டால் குழாய் நிற்காது. பூட்டிய பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் இதை எயார் எடுக்கிறது என்பார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் காருக்குக் கீழே, ஒருவர் பெடலில்.

வளவிலேயே நடத்திய கராஜுக்கு ஜுனைட் ஆள் வைக்கமாட்டார். ஆள் வைத்தால் ஆளைத் தேடுவதற்கே இன்னொரு ஆள் வேண்டும் என்பார். ஆகவே இருபத்திரண்டு வருடம் பெடலில் இருந்தது நான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசன்ஸும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் சாய்ந்தமருதில் என் இடது கால் படாத கிளச் குறைவு.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எதையும் எழுதி ஒட்டமாட்டார். ஒரு சாமானைக் கழற்றினால், அடுத்த கை எங்கே படுமோ அங்கே அதை வைப்பார். ஒயில் மூடியைத் திறந்தால் அதைக் கார்ச் சாவியில் கொளுவி விடுவார். மூடியைக் கையில் எடுக்காமல் யாரும் காரை ஸ்டார்ட் பண்ண முடியாது. மனிதருக்கு மறதி அதிகம், அதனால்தான் இந்தக் கெட்டித்தனம்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு அவருடைய தம்பி பள்ளிவாசலில் எழுந்து நின்று, மௌத்தானவரிடம் யாருடையதாவது அமானிதம் இருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்று கேட்டாராம். அமானிதம் என்றால் நம்பித் தந்த பொருள். அதைத் திருப்பிக் கொடுக்காமல் போனால் போனவருக்குப் பாரம். யாரும் எழும்பவில்லை என்று ஆறுதலாக வந்து சொன்னார்கள். எழும்ப வேண்டியது எங்கள் வளவில் கட்டைமேல் நின்றது. அதற்கு வாய் இல்லை.

நான் இத்தாவில் இருந்தேன். கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பாள், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். இதை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. அழுவதற்கு ஒரு அறையும் அவகாசமும் தந்திருக்கிற மார்க்கத்தோடு எனக்குக் கோபம் இல்லை. அதற்கு மேலால் ஆளுக்கொரு சட்டம் கொண்டு வருகிறவர்களோடுதான் கோபம். கண்ணாடி பார்க்காதே, ஜன்னலைத் திறக்காதே, உரத்துக் கதைக்காதே. என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா ஹுஸ்னியா, அடுத்த வீடு. இந்தச் சட்டங்களை எல்லாம் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

ஆனால் அந்த அறையில் நான் அதிகம் நினைத்தது காரை இல்லை, செருப்பை.

அந்த வெள்ளிக்கிழமை காலை குளியலறை வாசலில் என் பச்சை ரப்பர் செருப்பில் வலது கால் மட்டும் கிடந்தது. இடது காலை இரண்டு நாளாகக் காணவில்லை. ஜுனைட்டிடம் கேட்டேன்.

“அது வேலைக்குப் போயிரிக்கி புள்ள. பின்னேரம் வரும்” என்றார்.

எனக்குப் பகிடி பிடிக்கிற காலை அல்ல அது. “நீங்க சொல்லுற பின்னேரம் எண்டைக்கு வந்திச்சி?” என்று கேட்டுவிட்டு, வலது செருப்பைப் பின்சுவருக்கு மேலால் வடிகானுக்குள் எறிந்தேன்.

“அத ஏன் எறிஞ்ச?”

“ஒத்தச் செருப்ப வெச்சி என்ன செய்யிற?”

அவர் சிரித்துக்கொண்டு தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் கடைசிக் கதை அதுதான். இருபத்திரண்டு வருடத்துக் கதைக்கு முடிவு ஒரு ஒற்றைச் செருப்பு. எனக்கு அது ஆறவே இல்லை.

முப்பத்திரண்டாம் நாள், திங்கட்கிழமை காலை, கனகரெத்தினம் ஐயா சைக்கிளில் வந்தார். பாண்டிருப்புக்காரர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் அறைத் திரைக்குப் பின்னால் இருந்தேன். ஹுஸ்னியா விறாந்தையில் கதிரை போட்டாள்.

“முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியட்டும் எண்டுதான் பாத்துக்கிட்டு இருந்தன் புள்ள” என்றார் அவர். “அதுக்கு முதல் வந்து காரைக் கேட்டா அது மனிசத்தனமில்ல.”

“எங்களுக்கு முப்பத்தொண்டு இல்ல ஐயா. நாலு மாசமும் பத்து நாளும்” என்றாள் ஹுஸ்னியா.

“அப்ப நான் பிழையான நாளில வந்திட்டன் போல” என்று அவர் கதிரையை விட்டு எழும்பும் சத்தம் கேட்டது.

“இருங்க ஐயா” என்றேன் திரைக்குப் பின்னால் இருந்து. “இத்தா எனக்குத்தான். காருக்கில்ல.”

ஹுஸ்னியா திரையைப் பார்த்து முறைத்திருப்பாள். எனக்குத் தெரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருடைய மனைவி செல்லத்தங்கத்துக்குப் புதன்கிழமைகளில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிளினிக். இப்போது பஸ்ஸில் போகிறார்கள். இடுப்பு வருத்தக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். “உங்களுக்கும் கரைச்சல் வேணாம். ட்ரெக்டர்ல கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் வேறொரு கராஜில குடுக்கிறன்.”

கயிறு என்ற சொல் எனக்குச் சுட்டது. ஜுனைட்டிடம் கார்கள் கயிற்றில் வரும். போகும்போது தன் சக்கரத்தில் போகும். ஒன்றுகூடக் கயிற்றில் திரும்பிப் போனதில்லை. இது போனால் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகும். ஜுனைட் பாதியில் விட்ட வேலை என்று தெருவே பார்க்கும். அதைவிட, அமானிதம் பழுதாகத் திரும்பிப் போகும்.

“நாளைக்குப் பொழுதுபடுற மஃரிபு வரைக்கும் தாங்க ஐயா. அதுக்குள்ள ஓடல்லெண்டா கயிறு கட்டுங்க.”

ஓம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பஸாலுக்குச் சொல்லி அனுப்பினேன். மருதமுனையில் சொந்தக் கராஜ் வைத்திருக்கிறவன், நல்ல கை. பொறுமை மட்டும்தான் இல்லை. அவன் வேலை செய்யும்போது பார்த்தால், யாரோ பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிற மாதிரி இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தான். என் அறை ஜன்னல் வளவுப் பக்கம். மெல்லிய திரையைப் போட்டபடி அருகில் இருந்தேன், ஆட்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். கார்க் கதவைத் திறந்து பார்த்தான், முன்னால் போய்க் குனிந்தான், பிறகு கீழே நுழைந்தான்.

“ஜுனைட் காக்கா எல்லாம் முடிச்சிட்டாரு ராத்தா” என்றான் அடியில் இருந்து. “லைன் நுனியில சொப்பிங் பேக் சுத்தி, தூசி போகாம மேல கட்டி வெச்சிரிக்காரு. குத்திப் பூட்டுற மட்டும்தான் இரிக்கி. கிளிப் எங்க?”

கிளிப் இல்லை. ஆணி டின், சாவி டின், பொனட்டுக்கு உள்பக்கம், காரின் கால்விரிப்பு எல்லாம் பார்த்தான். ஹுஸ்னியா அரிதட்டைக் கொண்டுவந்து காருக்குக் கீழே கிடந்த மணலை அரித்தாள். நாலு ஆணியும் ஒரு பல்லி முட்டையும் வந்தன. அவருடைய சேர்ட்டின் பொக்கற்றில் இருந்திருக்குமோ என்று கேட்டேன். அவர் உடுப்புகளை எல்லாம் ஏழைகளுக்கு ஸதக்காவாகக் கொடுத்து இரண்டு கிழமை.

“பொக்கற் எல்லாம் பாத்துத்தான் குடுத்த” என்றாள் ஹுஸ்னியா. “ஒரு தஸ்பீஹ் மணியும் ரெண்டு டொபியும்தான் இருந்த.”

“கிளிப்ப மட்டும் தனியா விக்கமாட்டானுகள்” என்றான் பஸால். “லைன் முழுசா எடுக்கணும். கொழும்புல இருந்து வர நாலஞ்சி நாள். கட்டுக் கம்பி இரிக்கி, அதால ஒரு வளையம் போட்டு இறுக்குறன். நிக்கும்.”

“எத்தின நாளைக்கி?”

“நிக்கும் ராத்தா.”

எத்தனை நாள் என்று கேட்டால் நிற்கும் என்று பதில் சொல்கிறவனை எனக்குத் தெரியும். “மட்டக்களப்பு ரோட்டில புடுங்கிச்செண்டா? மிதிச்சா கியர் கழலுமா? உள்ளுக்கு இடுப்பு ஏலாத மனிசி இரிக்கும்.”

பஸால் கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கனகரெத்தினம் ஐயா வந்தார். தோளில் ஒரு நீல நைலோன் கயிறு, தோணி கட்டுகிறது. ட்ரெக்டர் ஒழுங்கைத் தெருவின் முனையில் நிற்கிறது என்றார். கயிறு கட்ட வருகிறவனுக்கு இருக்கிற தோரணை அவரிடம் இல்லை. மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வருகிறவர் போலத்தான் வந்தார். காரின் முன்னால் குனிந்து, எங்கே கட்டலாம் என்று தேடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. திரையை ஒரு விரலளவு விலக்கிப் பார்த்தேன். காரின் பம்பருக்கு நடுவில் பச்சையாக ஒன்று தொங்கி ஆடியது. ஐயா கயிற்றை அதில் படாமல் ஒதுக்கி ஒதுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு அந்தச் செருப்ப அங்க கட்டின?” என்றேன். உரத்துத்தான்.

“நான்தான் ராத்தா” என்றான் பஸால். “கதவத் திறக்கக்குள்ள கிளச் பெடலுக்குக் கீழ ரெண்டா மடிச்சிச் செருகிக் கிடந்திச்சி. ஐயா கண்ணூறு படாம வெச்சதாக்கும் எண்டு நெனச்சன். அவங்கட நம்பிக்கைய நாம வீசக்கூடாதே. அதான் வழமையாக் கட்டுற இடத்தில கட்டிவிட்ட.”

“நானா?” என்றார் ஐயா. “நான் ஒண்டும் வைக்கல்ல தம்பி. வந்தவுடன கண்டன். உங்கட முறைக்கு ஜுனைட் தம்பி ஏதோ ஓதிக் கட்டியிருக்காரு எண்டு நினைச்சன். கேக்கிறது மரியாதையில்ல எண்டு பேசாம இருந்தன்.”

இரண்டு பேரும் ஒருவர் நம்பிக்கையை ஒருவர் அவ்வளவு மதித்தார்கள். நடுவில் என் குளியலறைச் செருப்பு பம்பரில் ஆடிக்கொண்டிருந்தது.

“அது என்ட செருப்பு. கொண்டு வாங்க ராத்தா” என்றேன் ஹுஸ்னியாவிடம்.

கையில் வாங்கிய உடனேயே விளங்கியது. லைன் கழன்று கிடக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் இருக்கிற ஒயிலும் பீறிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நின்ற கார்களில் ஏறி டிரைவர் விளையாட்டு விளையாடுவார்கள். அதனால் கைக்கு எட்டியதை எடுத்து மடித்துப் பெடலுக்குக் கீழே அடைத்திருக்கிறார். கைக்கு எட்டியது நான்தான், என் செருப்புத்தான். திருப்பி அடிப்பக்கம் பார்த்தேன். முன் வாரின் குமிழ் இருக்கிற பள்ளத்தில், ரப்பருக்குள் குத்தி, கிறீஸ் பிடித்துக் கறுத்துப்போய் ஒரு சின்னக் கம்பிக் கிளிப் இருந்தது.

அடுத்த கை படுகிற இடத்தில் வைத்திருக்கிறார். செருப்பை எடுக்காமல் பெடலை மிதிக்க முடியாது, செருப்பை எடுத்தால் கிளிப் கையில் இருக்கும். அடுத்த கை பஸாலுடையதாக இருக்கும், அது பார்க்காமல் கொண்டுபோய் பம்பரில் கட்டும் என்று அவர் நினைக்கவில்லை, பாவம்.

கிளிப்பை ஹுஸ்னியாவிடம் கொடுத்தனுப்பினேன். செருப்பை வைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் காருக்கு அடியில் இருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. குழாய் உட்கார்ந்து கிளிப் பிடிக்கிற சத்தம். எத்தனையோ முறை கேட்டதுதான். அன்று சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

இனி எயார் எடுக்க வேண்டும். பெடலுக்கு ஐயா ஏறினார். அவர் நாற்பது வருடம் கார் ஓட்டியவர், அதுதான் பிழைத்தது. கிளச்சை மிதித்தவர் மெல்ல மெல்ல விடத்தான் பழகியிருக்கிறார். “புடிங்க” என்று பஸால் சொல்லும்போது அவர் கால் தன்பாட்டில் எழும்பியது. வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போனது. மூன்று முறை, நாலு முறை. ஒரே ஒரு போத்தல் ஒயில்தான், பாதிக்கு வந்துவிட்டது. வடிந்ததைத் திரும்ப ஊற்றவும் முடியாது. மஃரிபுக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை.

ஹுஸ்னியாவைப் பெடலுக்கு ஏறச் சொல்லிக் கேட்டேன். “எனக்கு அதுக்குள்ள ஏறவே பயம்” என்றாள்.

“அப்ப நான் வாறன்.”

“உனக்கு என்ன பைத்தியமா? இத்தாவில இருந்துக்கிட்டு.”

“வீட்ட விட்டுப் போறனா? நம்மட வளவுதான். ஐயா கொஞ்சம் ரோட்டில நிக்கட்டும். பஸால் காருக்குக் கீழ. கீழ கிடக்கிறவனுக்கு கியர் பொக்ஸ்ட வயிறு மட்டும்தான் தெரியும். நான் இருபத்திரண்டு வருசம் மேல இருந்த, அவருக்கே என்ட முகம் தெரியல்ல.”

“ஆக்கள் என்ன சொல்லும்?”

“அமானிதத்தக் குடுத்தா எண்டு சொல்லட்டும்.”

ஹுஸ்னியா உள்ளே போய் இரண்டு படுக்கைச் சீலைகளை எடுத்துவந்தாள். ஒன்றைக் காரின் முன்கண்ணாடியில் போட்டாள், மற்றதை என் அறைக் கதவிலிருந்து காரின் கதவு வரைக்கும் தானே பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுடைய சட்டமெல்லாம் வாயில் மட்டும்தான். ஐயா கயிற்றோடு ரோட்டுக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். பஸால் கீழே கிடந்தபடி, “நான் கண்ண மூடிக்கிட்டேன் ராத்தா” என்றான்.

“கண்ண மூடிக்கிட்டு என்னண்டு எயார் எடுக்கிற? திற” என்றேன்.

இடது காலில் அந்தச் செருப்பைப் போட்டிருந்தேன். வலது கால் வெறுமையாக இருந்தது. கிளச்சுக்கு இடது கால் போதும்.

“மிதிங்க” என்றான்.

மிதித்தேன். பெடல் பஞ்சு போலப் போனது.

“புடிங்க.”

பிடித்தேன். கீழே நட் இளகியது, போத்தலுக்குள் காற்றுக் குமிழிகள் புடுபுடு என்றன. நட் இறுகியது.

“விடுங்க.”

ஜுனைட் “விடு புள்ள” என்பார். எத்தனை கார் என்று எனக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு காருக்கும் இருபது முறையாவது அந்தக் குரல் என் காலுக்குக் கீழே இருந்து வந்தது. ஏழாவதோ எட்டாவதோ முறையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் அசையவில்லை. அழுதுகொண்டும் பெடலைப் பிடிக்கலாம். முப்பத்து மூன்று நாளில் வந்தவர்கள் எல்லோரும் பொறுமையாக இரு என்றுதான் சொன்னார்கள். ஒரு வேலை தந்தது பஸால் மட்டும்தான்.

மெல்ல மெல்லப் பெடல் கனத்தது. கடைசியில் கல்லுப் போல நின்றது.

“போதும் ராத்தா. ஒரு குமிழும் இல்ல.”

சீலைக்குள்ளால் அறைக்குத் திரும்பினேன். சிந்திய ஒயிலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னேன், பெயின்ற்றைத் தின்னும். கட்டைகளை எடுத்தார்கள். ஐயா ஏறி ஸ்டார்ட் பண்ணினார், மிதித்தார், பின் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. கயிற்றைச் சுருட்டிப் பின் சீற்றில் போட்டிருந்தார். கேற்றடியில் நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

“ஜுனைட் தம்பி தந்த மாதிரியே இருக்கு புள்ள.”

கார் தன் சக்கரத்தில் பள்ளிப் பக்கம் திரும்பியது. மஃரிபு பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. எனக்கு நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது. ஒன்றுதான் இறங்கியது.

ஹுஸ்னியா சீலைகளை மடித்துக்கொண்டே என் காலைப் பார்த்தாள். “நாளைக்கு ஒரு சோடி வாங்கிட்டு வாறன். ஒத்தச் செருப்ப வெச்சி என்ன செய்யிற?”

நான் செருப்பைக் கழற்றிக் கழுவி, குளியலறை வாசலில் பழைய இடத்தில் வைத்தேன். வேலைக்குப் போயிரிக்கி, பின்னேரம் வரும் என்று அவர் சொன்னது பகிடி இல்லை, உண்மை. முப்பத்திரண்டு நாள் பிந்தினாலும், பின்னேரம்தான் வந்தது. அது வரும்போது சோடி இல்லை. சோடியை எறிந்தது நான்.